யேசுதாஸ் சார் பலகைக்கு ஓரம் வெட்டிய கதை

1

வாசகரே, கண்ணாடி போடுகிறவராக இருந்தால் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி வழியில் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன் நான், அந்தப் பழக்கம் உண்டு.

ஒரு சாப்பாட்டு மேசை மேலிருந்த தூசியிலிருந்து வந்தது.

ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் நாலாவது வீடு ஆனிமேரி அக்கா வீடு. தபால்காரர் அவருடைய கடிதத்தை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார். கொடுக்கப் போனேன். பேசிக்கொண்டே மேசையில் கை ஊன்றினேன். கையை எடுத்தால் ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது.

வேறு யார் வீடாக இருந்தாலும் இதில் கதை இல்லை. ஆனிமேரி அக்கா ஒரு ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருஷம் ரத்தம் எடுத்தவர். ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் இல்லாமல் அவரை வீட்டுக்குள் பார்த்ததே கிடையாது. சுவிட்ச், கதவுக் கைப்பிடி, டிவி ரிமோட், விருந்தாளி உட்கார்ந்து எழுந்த நாற்காலியின் கை, எல்லாவற்றுக்கும் ஒரு இழுப்பு. நான் வந்துவிட்டுப் போனதும் காலிங்பெல்லையும் துடைப்பார் என்று என் மனைவி பவதாரிணி சத்தியம் செய்வாள். அப்பேர்ப்பட்ட வீட்டில் மேசையில் தூசி.

என் கை அச்சை அவரும் பார்த்தார். "துடைக்கிறதை விட்டுட்டேன் தம்பி. துடைச்சுத் துடைச்சுத்தானே அவரு பலகையை நாசம் பண்ணினேன்" என்றார். சத்தமே இல்லாத குரல்.

அவர் நாசம் பண்ணவில்லை. அது எனக்குத் தெரியும். யார் பண்ணினது என்பதும் தெரியும். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மெதுவாக, மிக மெதுவாக, தூங்குகிற குழந்தைக்கு நகம் வெட்டுவது போல, எந்திரம் அந்த அக்ரிலிக் பலகையின் ஓரத்தை —"

இதைப் போனில் கார்த்திகேஷுக்கு வாசித்துக் காட்டினேன். கார்த்திகேஷ் கப்பலூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. ரவுட்டர் வைத்திருப்பவன். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின்மேல் ஒரு சுழலும் பல்லை ஓடவிட்டு, பலகையை அப்படியே வெட்டியெடுக்கிற எந்திரம். கடை போர்டு, ஷீல்டு, பெயர்ப்பலகை எல்லாம் அதில்தான். பாதி வாசிக்கும்போதே சிரித்துவிட்டான்.

"அண்ணே, மெதுவா விட்டீங்கன்னா உருகிரும்ணே."

"உருகுமா?"

"பின்னே? பல்லு ஒரே எடத்துல நின்னு சுத்துனா தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடேறும். அக்ரிலிக் பிசின் மாதிரி ஆயிரும். வெட்டுன தூளே திரும்ப ஓரத்துல போயி ஒட்டிக்கிரும். அப்புறம் ஓரத்தைப் பாத்தா காய்ச்சக்காரன் உதடு மாதிரி இருக்கும். தைரியமா ஓடவிடணும்ணே. ஒவ்வொரு சுத்துக்கும் பல்லு ஒரு கடி கடிக்கணும். தேங்காத் துருவல் கணக்கா உதிரி உதிரியா விழணும். சூடு துருவலோட போயிரும், ஓரத்துல தங்காது."

"அப்ப வேகமாப் போனா சுத்தமா வந்துருமா?"

"ரொம்பப் போனா மூலை தெறிச்சிரும். அது ஒரு அளவுண்ணே. ஒத்தப் பல்லு வச்ச டிரில் பிட்டு, புதுசா, கூரா இருக்கணும். மொதல்ல முழுசா வெட்டி, ஓரத்துல ஒரு தலைமுடி கனத்துக்கு மிச்சம் வச்சிருவேன். கடைசியா ஒரே சுத்து. அந்த மிச்சத்தை மட்டும் சீவிக்கிட்டுப் போகும். நடுவுல நிக்கவே கூடாது. அதுல வர்ற ஓரந்தான் ஓரம்."

தொடக்கத்தை அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் மேலே விட்டுவைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று சுற்றிக்கொண்டிருப்பது என் எழுத்தின் வியாதி. எந்திரத்தைப் பற்றிச் சொல்கிறானா, என்னைப் பற்றிச் சொல்கிறானா என்று அவன் மேல் ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது.

3

இரண்டாம் தொடக்கம். கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

ஆனிமேரி அக்காவின் கணவர் யேசுதாஸ் சார் போன ஜூனில் இறந்துபோனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓரம் பார்க்கிற ஆள். சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவதென்றால் பிளேடை வைத்து மூன்று தடவை ஓரம் சீவுவார். என் முதல் புத்தகத்தை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, "கட்டிங் கோணலா இருக்கே மாறா" என்றார். (இன்றுவரை என்று எழுதிவிட்டேன். மனுஷர் போய்ச் சேர்ந்தாயிற்று. இருந்தாலும் அந்த வார்த்தையை மாற்றக் கை வரவில்லை.)

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி பரப்பி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாமியார் வந்து ஒவ்வொன்றாக மந்திரித்துவிட்டுப் போவார். சாருக்கு அது முதல் வருஷம். கிரானைட் வேண்டாம் என்றார் அக்கா. கண்ணாடி மாதிரி ஒரு பலகை, அதில் சாருடைய கையெழுத்தே இருக்க வேண்டும். பழைய ரேங்க் கார்டு ஒன்றில் சார் போட்ட கையெழுத்தைத் தேடியெடுத்து என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு தம்பி. ஓரம் சுத்தமா இருக்கணும். அவரு பாத்தா மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது."

எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், நானே பார்த்து வாங்கி வாரேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமல் நானாகப் போய்க் கொடுத்த வாக்கு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்று மரியாதையாகச் சொல்கிறேன். பழியைப் போட ஒரு ஆள் தேடினேன் என்பதுதான் நிஜம். இரண்டாம் படியில் கார்த்திகேஷை அலட்சியக்காரனாக எழுதினேன். ஒரு கையில் போன், வாயில் சூயிங்கம், எந்திரம் அது பாட்டுக்கு ஓடுகிறது.* வாசித்தால் நம்புகிற மாதிரித்தான் இருந்தது. அதனால்தான் அந்தப் படியை அடித்துவிட்டேன்.

* உண்மை: அவன் அம்மா ராதாமணி போன் செய்தால் மட்டும் எடுப்பான். வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் பேசுவான், கண் மட்டும் பல்லை விட்டு நகராது. அந்தப் பாஷையில் அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தெரியப்போவதில்லை. திட்டியிருக்கலாம்.

4

நவம்பர் ஒன்று, காலை பதினோரு மணி, கப்பலூர்.

கார்த்திகேஷ் ஷீட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரிக்கவில்லை. வெட்டி முடிகிறவரை அது இருக்க வேண்டும், கீறல் விழாது. பல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழாயிலிருந்து காற்று சீறிக்கொண்டே இருந்தது. வெள்ளைத் துருவல் பறந்து என் சட்டைப் பையெல்லாம் விழுந்தது. கடைசிச் சுற்று நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போய் முடிந்தது. காகிதத்தை உரித்துக் கையில் கொடுத்தான். ஓரம் லேசாக ஆவி படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. ஆனால் அப்படி ஒரு நேர். விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை. யேசுதாஸ் சார் இருந்திருந்தால் பிளேடைத் தேடியிருக்க மாட்டார்.

"இதாண்ணே. இதுக்கு மேல கை வைக்கக் கூடாது" என்றான்.

பிறகு ஓரத்துக்குத் தீ காட்டப்பட்டது.

வாசகரே, போன வாக்கியத்தை இன்னொரு தடவை பாருங்கள். யார் காட்டினது? யார் சொல்லிக் காட்டினது? ஒரு ஆள்கூட இல்லை அதில். எவ்வளவு நைசாக எழுதியிருக்கிறேன் பாருங்கள். அதை அப்படியே விட்டுவிட்டு நகர்கிறேன். திரும்பி வருவேன். வராமல் இருந்தால் இந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள்.

5

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் பவதாரிணியும் போயிருந்தோம். பலகையைச் சிமெண்டில் பதித்திருந்தார்கள். தீ பட்ட ஓரம் தண்ணீர் மாதிரிப் பளபளத்தது. சாருடைய கையெழுத்து அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அக்காவிடம் எங்கே செய்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா என்னைக் கை காட்டினார். நானும் பெருமையாக நின்றேன்.

செவ்வந்தித் தூள் பட்டு ஒரு மூலையில் மஞ்சளாகியிருந்தது. அக்கா கைப்பையிலிருந்து பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்தார். நாலு ஓரத்தையும் அழுத்தி ஒரு இழுப்பு. முப்பத்தொரு வருஷக் கை அது, யோசித்தா செய்யும்?

மெழுகுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து முடி முடியாகக் கீறல் கிளம்பியது. முதலில் வெளிச்சம் விழுகிற விதம் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருகியது. நூறு, இருநூறு கீறல். கையெழுத்தின் முதல் எழுத்து வரைக்கும் போய் நின்றது.

"என்னம்மா, பலகை வெடிச்சிருக்கு?" என்று பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.

சாமியார் மூன்று கல்லறை தள்ளி வந்துகொண்டிருந்தார். அக்கா சேலைத் தலைப்பை விரித்து, ஓரம் தெரியாதபடி பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். தீர்த்தம் தெளித்துவிட்டுச் சாமியார் நகர்ந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "அவரு எப்பவும் கேலி பண்ணுவாரு தம்பி. ஆனி, ஒருநா என்னையும் துடைச்சு எடுத்துருவ நீன்னு. இப்பத் துடைச்சுட்டேன் பாருங்க."

நான் "விடுங்கக்கா" என்றேன். விடுங்கக்கா! இரண்டு தொகுப்பு போட்ட எழுத்தாளனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்கா பலகையைப் பெயர்த்தெடுத்துத் துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். வேறொன்று செய்து தருகிறேன் என்று கார்த்திகேஷ் என் மூலமாகச் சொல்லிவிட்டான். "வேணாம் தம்பி, அதையும் கெடுத்துருவேன்" என்றார். கல்லறையில் நாலு சிமெண்டுப் புள்ளி மட்டும் இருக்கிறது.

6

திரும்பி வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? வந்துவிட்டேன்.

பலகையைக் கையில் வாங்கினதும் நான் சொன்னேன்: "இம்புட்டுத்தானா? மங்கலா இருக்கே. தீ காட்டினா கண்ணாடியா மின்னுமாமே?"

"மின்னும்ணே. நான் காட்டுறதில்ல."

"ஏன்?"

"வெளியே மின்னும், உள்ளே இறுகிக்கிட்டுக் கெடக்கும்ணே. அதுக்கப்புறம் சூட்டு அடுப்புல மணிக்கணக்கா வச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஆறவிடணும். நம்மகிட்ட அந்த அடுப்பு இல்ல. நாளைக்குத் திருநாளு வேற."

அவன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும் விடவில்லை. ஏன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அக்காவுக்காக இல்லை. எனக்கு ஒரு காட்சி வேண்டியிருந்தது. அக்ரிலிக் வெட்டுகிறவனைப் பற்றி ஒரு கதை எழுதலாமென்று அப்போதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மங்கலான ஓரத்தில் நீலத் தீ ஓடி, அது கண்ணாடியாக மாறுவதைப் பார்த்துவிட்டால் கதைக்கு ஒரு பக்கம் தேறும். "மாப்ள, எனக்காக ஒரே ஒரு தடவை" என்றேன். நாலு தடவை சொன்னேன். அவன் கேஸ் டார்ச்சை எடுத்தான். ஓரத்தை ஒட்டித் தீ ஒரே ஓட்டமாக ஓடியது. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது கார்த்திகேஷ் சொன்னான்: "அண்ணே, அந்த அக்காட்ட மறக்காமச் சொல்லிருங்க. தண்ணியும் சோப்பும் மட்டும். ஸ்பிரிட்டு, சானிடைசர் எதுவும் தீ காட்டின ஓரத்துல படவே கூடாது. பட்டா கீறிரும்."

"லேப்காரங்கடா அவங்க, ஸ்பிரிட் இல்லாம கையே ஓடாது" என்று நானே சிரித்தேன். அதாவது, உலகத்திலேயே யாரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஒத்தக்கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் ஜன்னலோரம் கிடைத்தது. வழி முழுக்க அந்தத் தீயைப் பற்றி ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டு வந்தேன். நீலம் என்பதா, ஊதா என்பதா என்று திருமங்கலம் சாலை முழுக்க ஓடியது. அக்கா வீட்டு வாசலில் பொட்டலத்தைக் கொடுக்கும்போது அந்த வாக்கியம் மனசில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கார்த்திகேஷ் சொன்னது உட்காரவில்லை. சொல்லாமலே வந்துவிட்டேன்.

அந்த வாக்கியம் என்ன என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் அது இல்லை. எழுத வேண்டாமென்று வைத்திருக்கிறேன்.

7

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கதைசொல்லி நேரே போய் உண்மையைச் சொல்கிறான். அக்கா கண்ணீரோடு மன்னிக்கிறார். — இதில் என்னை நானே மன்னித்துக்கொள்கிறேன், அக்கா வாயை இரவல் வாங்கி. கிழித்துவிட்டேன்.

இரண்டு: கார்த்திகேஷ் போய்ச் சொல்கிறான். "தப்பு என்னுதுக்கா, நான்தான் தீ காட்டினேன்" என்று. — இது நிஜமாகவே நடக்க இருந்தது. போன மாதம் அவனாகவே கிளம்பினான். "அண்ணே, அந்த அக்கா துடைக்கிறதையே விட்டுட்டாங்கன்னு சொல்றீங்க. கேட்டதுலேருந்து எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. நான் போயி என் தலையில போட்டுக்கிறேன்" என்றான். நான் வேண்டாமென்று தடுத்தேன். அதுவரை நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மூன்று: அக்காவுக்கு எதுவும் தெரியாமலே போகிறது. மேசையில் தூசி —

(மூன்றாவதை முடிக்கவில்லை. அதுதான் ஐந்து மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நான் எழுத என்ன இருக்கிறது?)

8

அக்கா,

இதுவரைக்கும் வாசகரே, வாசகரேன்னு நான் கூப்பிட்டது உங்களைத்தான். வேற யாருக்கும் இதை முழுசா இன்னும் காட்டல. பவதாரிணிகிட்டகூட. உங்க வீட்டைப் பத்தி உங்களுக்கே ஆனிமேரி அக்கான்னு மூணாம் மனுஷி மாதிரி எழுதினதுக்குக் கோவிச்சுக்கிறாதீங்க. இல்ல, கோவிச்சுக்கங்க. எம்புட்டு வேணுமோ அம்புட்டும் கோவிச்சுக்கங்க. நேர்ல சொல்லத் தைரியம் இல்லாமத்தான் இம்புட்டுப் பேப்பரை ரொப்பியிருக்கேன்.

நீங்க லேப்காரங்க. ஒருத்தன் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, டெஸ்ட் பண்ணித்தான் நம்புவீங்க. அதுக்காகத்தான் கவருக்குள்ள ரெண்டு துண்டு அக்ரிலிக் வச்சிருக்கேன். ரெண்டும் சார் பலகைக்கு வெட்டின ஷீட்டுல மிஞ்சினது, ஒரே பல்லு, ஒரே நாள் வெட்டினது. ஒண்ணுல மட்டும் கார்த்திகேஷ் தீ காட்டியிருக்கான், அன்னிக்குக் காட்டின அதே மாதிரி. எதுன்னு நான் சொல்லப் போறதில்ல, பாத்தாலே உங்களுக்குத் தெரியும். உங்க ஸ்பிரிட் பாட்டிலை எடுங்க. அன்னிக்குத் துடைச்ச மாதிரியே அழுத்தி ரெண்டையும் துடைங்க. பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க. கார்த்திகேஷ் அவன் பட்டறையில ஏழு தடவை செஞ்சு பாத்துட்டான். முடிவை நான் எழுதல, நீங்களே பாத்துக்கங்க.

இன்னொண்ணு. சார் கையெழுத்தை வச்சு அவன் புதுப் பலகை ஒண்ணு வெட்டியிருக்கான். நாங்க உங்களைக் கேக்காமச் செஞ்சது. ஓரம் மங்கலாத்தான் இருக்கு, யாரும் தீ காட்டல. பலகை ஷீட்டை விட்டு நழுவிரக் கூடாதுன்னு வெட்டும்போது நாலு இடத்துல கொஞ்சம் வெட்டாம விட்டுவைப்பாங்க. கடைசியில அதை அறுத்துத்தான் எடுக்கணும். அந்த நாலையும் அவன் இன்னும் அறுக்கல. "அக்கா வந்து ஓரத்தைத் தடவிப் பாத்துச் சரின்னு சொன்னா எடுக்குறேன், வேணாம்னா ஷீட்டோட கெடக்கட்டும்" அப்படிங்கிறான். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் உங்க வாசலுக்கு வாரேன். நீங்க வர்றதும் வராததும், என் மூஞ்சியில கதவைச் சாத்துறதும் உங்க இஷ்டம்.

துண்டு ரெண்டையும் சாப்பாட்டு மேசை மேலேயே வச்சு டெஸ்ட் பண்ணுங்கக்கா. ஆனா அந்தத் தூசியில வச்சா ரிசல்ட் சரியா வராது. மொதல்ல மேசையைத் துடைச்சிருங்க.